சொரசொரப்பு

எம்பேரு பூல்பாண்டி. கொத்தவேலை.
ஊரு வீரவநல்லூருக்குத் தெக்க.
படிப்பு அஞ்சு. கையெழுத்துப் போடுவேன்.
சத்தியமாச் சொல்லுதேன்னு சொல்லச் சொன்னிய,
சொல்லிட்டேன்.
இனி சத்தியத்தைச் சொல்லணும்லா.

ஓடைக்கரை டேசன் கக்கூஸுக்குத்
தரை போட்டது நாந்தான்.
ஒம்பதடிக்கு நாலடி.
போன ஆடிக்கு முந்தின ஆடி.
டைல்ஸ் பதிக்கத்தான் பணம் வந்துச்சு;
பில்லுல டைல்ஸுன்னுதான் இருக்கும், பாருங்க.
டைல்ஸு இன்ஸ்பெக்டரய்யா வீட்டு மாடிக்குப் போச்சு.
சுமந்து ஏத்தினதும் நாந்தான்,
ஒரு பெட்டி கூட உடையல.
எனக்கு மிஞ்சினது மூணு மூட சிமிண்டு,
குருமணல்,
ஒரு பழைய தும்புக் கயிறு.

ஈரம் காயுமுன்ன
கயித்த இழுத்துப் பிடிச்சு
அமுக்கி அமுக்கிக் கட்டம் போட்டேன்,
தொழுவத்துக்குப் போடுத மாதிரி.
சினைமாடு நடந்தாலும் குளம்பு சறுக்காது.
நான் போட்ட தரை வழுக்காதுய்யா.

அதுல வழுக்கித்தான்
கொம்பையா விழுந்தான்னு எழுதியிருக்கு.
மோட்டார் திருட்டுன்னு பிடிச்சாவ;
மோட்டாரு மறுவாரம்
மெக்கானிக் கடையில இருந்துச்சு.
வழுக்கி விழுந்தவனுக்கு
ரெண்டு உள்ளங்காலும் எப்படி வீங்கும்?
ஆசுபத்திரி டாக்டரு
நாக்க நீட்டச் சொல்லிப் பாத்துட்டு
நல்லாருக்கான்னு எழுதிட்டாரு.
ராத்திரி பதினொண்ணுக்கு மாஜிஸ்ட்ரேட்டய்யா
ஜன்னல் வழியா
பேரு சரியான்னு கேட்டாவளாம்.
பேரு சரிதான்.
பேரு மட்டுந்தான் சரியா இருந்துச்சு.

அவன் ஆத்தா முப்புடாதி
வெளிய சைக்கிள் ஸ்டாண்டுல நிக்கா.
மவன் செருப்பு இன்னும் டேசன்லதான் கெடக்கு.
கேட்டா, ரசீது இருக்கான்னு கேக்காவளாம்.

இதுவரைக்கும் சொன்னது லேசு.
இனிதான் தொண்டையில நிக்கி.

அவன் செத்த நாலாம் நாளு ராத்திரி
ஏட்டு தளவாய் பைக்குல வந்தாரு.
ஏல, கரண்டியத் தூக்கு.
விடியதுக்குள்ள டைல்ஸ் பதிக்கணும்.
நான் மாட்டேன்னு சொல்லல.
எம்மவ காலேஜு பஸ்ஸு
தினம் அந்த டேசன் வாசல்லதான் நிக்கும்.
பைக்குல ஏறினேன்.

பழைய தரையக் கொத்திட்டுத்தான்
புதுசு பதிக்கணும். தொழில் அதான்.
ஏட்டு டார்ச்சப் பிடிச்சாரு.
கட்டம் கட்டமா, கயிறு போன தடமெல்லாம்
கருத்துக் காஞ்சு கெடந்துச்சு.
துருன்னாரு.
சிமிண்டு துருப்பிடிக்குமாய்யா?

உளி இறங்கல.
கொத்தாமலே மேல பதிச்சேன்.
கலவையில மண்ணக் கூட்டி
சிமிண்டக் கொறச்சேன்.
இருவத்தேழு வருசத்துல
வேணும்னே கெட்ட வேலை செஞ்சது
அன்னைக்கு ஒருநாள்தான்.
கூலி ஆயிரத்து இருநூறு. வாங்கினேன்.
அதையும் எழுதிக்கிடுங்க.
அரிசி வாங்கித் தின்னாச்சு.

கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கிய.
தரை வழவழப்பா சொரசொரப்பான்னுதான கேட்டிய?
மேல வழவழப்பு.
கீழ, நான் போட்டது அப்படியே இருக்கு.
இன்னா, கரண்டி கொண்டாந்திருக்கேன்.
கதவோரத்துல மூணாவது டைல்ஸு,
நகம் பட்டாலே பேந்து வரும்.

டைப் அடிக்கவரு ஏன் நிறுத்திட்டாரு?

அய்யா கடியாரத்தப் பாக்கிய.
சேரன்மாதேவியில இருந்து
ஓடைக்கரைக்கு முக்கா மணி நேரந்தான்.
ஜீப்புல எடம் இல்லன்னா
நாங்க பஸ்ஸுல வாரோம்,
நானும் முப்புடாதியும்.